ஒரு நெடிலும் இரண்டு குறிலும்

ஒலிகளை வேண்டியது, வேண்டாதது என்று பிரிப்பதை நாம் எந்தத் தயக்கமும் இல்லாமல் செய்கிறோம். அதிகாலைக் கோயில் மணி வேண்டியது. அதே நேரத்தில் பக்கத்து வீட்டு நாயின் குரைப்பு வேண்டாதது. நாய் எதைக் கண்டு குரைத்தது என்று எழுந்து போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. குரைப்பு நின்றால் போதும் என்றே நினைக்கிறோம். கணினிகள் எழுப்பும் பீப் ஒலியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாயின் நினைவு வருவதுண்டு.

2006ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் கருங்கல்லில் எங்கள் வீட்டு மேசைக் கணினியைச் சுற்றி நான்கு விதமான கீச்சொலிகள் கேட்டன. நான்கிற்கும் காரணங்கள் வேறு. நான்கும் புறப்பட்ட இடங்கள்கூட ஒன்றல்ல. பிரித்தறிவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டவற்றை ஒரு பழுதுபார்ப்புக் குறிப்பாக எழுதிவைக்கலாம் என்று பலமுறை உட்கார்ந்ததுண்டு. ஒவ்வொரு முறையும் அது அப்பாவைப் பற்றிய குறிப்பாகிவிடும். இரண்டையும் பிரிக்க முடியாது என்று தெரிந்துவிட்டதால் இப்போது சேர்த்தே எழுதுகிறேன்.

வெளியூர் நண்பர்கள் எங்களையும் நாஞ்சில்நாட்டார் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். சரியாகச் சொன்னால் நாஞ்சில்நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகள். கருங்கல் அதற்கு மேற்கே, விளவங்கோட்டுப் பக்கம். வயல்களைவிட ரப்பரும் தென்னையும் மரச்சீனியும் மிகுந்த மண். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நிலம் என்பதால் பேச்சில் மலையாளம் ஊடுபாவாகக் கிடக்கும். அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். இந்தப் பேச்சின் சொற்களை நாற்பது ஆண்டுகளாக நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்திருந்தார். பதநீர் இங்கே அக்கானி, பலா சக்கை, குடிக்கும் தண்ணீர் வெள்ளம். ஒரு சென்னைக்காரரிடம் "வெள்ளம் வேணும்" என்று கேட்டால் அவர் நம்மை விநோதமாகப் பார்ப்பார். அவருக்கு அது ஆற்றில் வரும் பெருக்கு. ஒரே சொல், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் தாகம் தீர்ப்பது, அந்தப் பக்கம் ஊரை அடித்துச் செல்வது. இப்படிப்பட்ட சொற்கள் பதினொரு நோட்டுகளில் இருந்தன.

2006 ஜனவரியில் அப்பாவைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை, வலக்கால், நாக்கு மூன்றும் போயின. காதும் அறிவும் பழையபடியே இருந்தன. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைப்பது வெறும் முனகலாக வெளிவரும். வாழ்நாளெல்லாம் சொல் சேர்த்தவருக்கு வந்த நோயைப் பாருங்கள்.

நோட்டுகளை அவர் இருக்கும்போதே கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தோம். பகலில் எனக்கு வேலை. இரவு எட்டு மணிக்கு மேல் நான் வாசிக்க, பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலிருந்த தங்கை மகள் தட்டச்சு செய்வாள். அப்பாவின் கட்டில் அடுத்த அறையில். அவர் உறக்கமோ நூல் போன்றது. ஒரு சிறு சத்தத்தில் அறுந்துவிடும்.

கணினி 2004இல் மார்த்தாண்டத்தில் ஓர் இளைஞர் பாகங்களை வாங்கிப் பூட்டித் தந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, 256 எம்.பி. ராம். இரண்டாண்டுகள் வாயைத் திறக்கவில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கிய ஜூன் மாதத்தில் ஒரு மாலை பொத்தானை அழுத்தியதும் திரை இருண்டே கிடக்க, உள்ளிருந்து நீண்ட ஓலம் ஒன்று எழுந்தது. நிறுத்தி, மறுபடி, நிறுத்தி, மறுபடி. அம்மா ஓடி வந்தாள்.

"லே, அதை ஒண்ணு நிறுத்து மக்களே. அப்பாக்கு இப்பம்தான் கண்ணடைஞ்சிருக்கு."

மறுநாள் மார்த்தாண்டத்து இளைஞர் வந்தார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டின் ஓரத்திலிருந்து போகும் மெல்லிய இரட்டை வயர் ஒன்றைக் காட்டினார். அதன் மறுமுனையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஒலிபெருக்கி.

"இந்த வயரை ஊரிப்போட்டா பின்ன ஜென்மத்துக்கும் சத்தம் வராதுண்ணே. ஊரட்டா?"

"சத்தம் போனா படம் வருமா தம்பி?"

அவர் சிரித்துவிட்டார். "அது வராது. அது ராமுக்க கம்ப்ளெயிண்டாக்கும்."

கணினி தொடங்கும் கணத்தில் அதற்குத் திரை கிடையாது. திரையை இயக்கும் பகுதி நலமா என்றே அப்போது தெரியாது. ஆகவே முதலில் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. நினைவகம் இல்லை, அல்லது திரை அட்டை இல்லை என்றால் அதை எழுத்தில் சொல்ல வழியில்லை. அந்த நிலையில் அதனிடம் எஞ்சியிருக்கும் ஒரே நாக்கு அந்தச் சிறு ஒலிபெருக்கி. எத்தனை முறை, நெடிலா, குறிலா என்ற கணக்கில் அது தன் நோயைச் சொல்கிறது. அவார்டு நிறுவனத்தின் பயாஸ் உள்ள கணினிகளில் ஒரு நெடிலும் இரண்டு குறிலும் வந்தால் திரை அட்டையில் கோளாறு. நெடில் ஓயாமல் திரும்பத் திரும்ப வந்தால் நினைவகம். பீனிக்ஸ் நிறுவனத்தார் இன்னும் நுணுக்கமாக, ஒன்று, மூன்று, ஒன்று, ஒன்று என்பதுபோல நான்கு கொத்துகளாகப் பிரித்தார்கள். அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்தார் வெறும் எண்ணிக்கையில் சொன்னார்கள். ஐந்து என்றால் செயலி, எட்டு என்றால் திரையின் நினைவகம், ஒன்பது என்றால் பயாஸ் சில்லிலேயே பிழை.

இதில் ஒரு வேடிக்கை. ஐ.பி.எம். வழிவந்த மரபில் ஒற்றைக் குறில் என்றால் எல்லாம் நலம் என்று பொருள். அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் அட்டவணையிலோ ஒற்றைக் குறில் நினைவகப் புதுப்பிப்பில் பிழை. அப்பாவின் வெள்ளம் போலத்தான். ஒலியைக் கேட்டால் மட்டும் போதாது. எந்த ஊர்ப் பேச்சு என்றும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கணினி கீச்சிட்டால் முதல் வேலை எண்ணுவது. இரண்டாவது வேலை, பயாஸ் யாருடையது என்று மதர்போர்டின் கையேட்டில் பார்ப்பது. எண்ணாமல் எதையும் கழற்றக் கூடாது.

இளைஞர் மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, ராமை இருபக்கப் பூட்டையும் விலக்கி எடுத்தார். அதன் அடிவிளிம்பில் உள்ள பொன்னிறப் பற்களை வெள்ளை அழிரப்பரால் மென்மையாகத் தேய்த்தார். ரப்பர் துகள்களைத் துடைத்துவிட்டு, இருபுறமும் 'டக்' என்று கேட்கும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்தினார். படம் வந்துவிட்டது. கடல் எங்களுக்குப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம். ஈரமும் உப்பும் கலந்த காற்று தொடுமுனைகளில் கண்ணுக்குத் தெரியாத படலத்தைப் போர்த்துகிறது. தவிர, தினமும் சூடாகி, தினமும் குளிர்வதில் பொருத்திய அட்டை இம்மி இம்மியாகத் தளர்ந்து வெளியேறவும் செய்யும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. எடுத்து, துடைத்து, அழுத்திப் பொருத்துவது. முரட்டு ரப்பர் கூடாது, பொன்முலாம் தேய்ந்துவிடும். வாயால் ஊதுவதும் கூடாது. ஈரத்தால் வந்த நோய்க்கு எச்சில் மருந்தாகாது.

வயரை அப்படியே விட்டுவிட்டோம்.

அந்தச் சிறு ஒலிபெருக்கிக்கு ஒரு வம்சாவளி உண்டு. தட்டச்சுத் தந்திக் கருவிகளில் உண்மையாகவே ஒரு மணி இருந்தது. தூரத்து அலுவலகத்தில் கருவியின் முன் ஆள் இல்லையென்றால் அந்த மணியை இங்கிருந்து அடித்து அழைக்கலாம். 1963இல் ஆஸ்கி என்னும் எழுத்துக் குறிமுறையை வகுத்தபோது எழுத்துகளுக்கும் எண்களுக்கும் இடம் ஒதுக்கியவர்கள் மணிக்கும் 7 என்ற எண்ணை ஒதுக்கினார்கள். அதே காலத்தில் வந்த டெலிடைப் 33 கருவியின் ஜி விசைமேல் 'பெல்' என்றே அச்சிட்டிருக்கும். இன்றும் லினக்ஸ் முனையத்தில் கண்ட்ரோல் விசையோடு ஜி என்னும் குறியீடு வந்து விழுந்தால் மணியடிக்கச் சொல்கிறது என்றே கணினி புரிந்துகொள்கிறது. தந்திப் பணியாளர்கள் போய்விட்டார்கள், வெண்கல மணி போய்விட்டது, அழைப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். தன் தனிநபர் கணினியை அறிவித்தபோது அதன் ஒலிபெருக்கியை இயக்க இன்டெல் 8253 என்னும் நேரங்காட்டிச் சில்லைப் பயன்படுத்தியது. நொடிக்கு ஏறத்தாழ 11,93,182 துடிப்புகள் அதற்குள் போகும். அதை நாம் கொடுக்கும் எண்ணால் வகுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். 2712 என்று கொடுத்தால் நொடிக்கு 440 அதிர்வுகள் வரும். மேற்கத்திய இசைக்காரர்கள் சுருதி சேர்க்கும் ஒலி அது. அந்த 11,93,182 என்ற விசித்திர எண்ணிற்கும் காரணம் உண்டு. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் அலைவெண்ணைப் போல நான்கு மடங்கு துடிக்கும் ஒரு படிகத்தை அந்தக் கணினியில் வைத்தார்கள், தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாக்கிக்கொள்ள வசதியாக. அதன் பன்னிரண்டில் ஒரு பங்கு இது. அமெரிக்க வரவேற்பறைகளுக்காக நிச்சயிக்கப்பட்ட கணக்கு கருங்கல்லில் அப்பாவின் உறக்கத்தைக் கலைத்தது.

அந்த ஒலி ஏன் அவ்வளவு குத்துகிறது என்பதற்கும் விடை எளிது. ஒலிபெருக்கிக்கு இரண்டே நிலைகள்: முன்னே, பின்னே. நாதஸ்வரத்தின் ஒலி வளர்ந்து தேய்வதுபோல இதில் ஏதுமில்லை. இப்படி வெட்டி வெட்டி வரும் சதுர அலையில் அடிச்சுருதிக்கு மேலே அதன் மும்மடங்கு, ஐம்மடங்கு, ஏழு மடங்கு அதிர்வுகள் கூடவே வரும். அவை மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் நொடிக்கு 2000 முதல் 5000 அதிர்வுகள் வரையான எல்லையில் வந்து விழுகின்றன. அந்த எல்லையின் கீழ்ப்பாதியில்தான் ஒலி வரும் திசையைக் காட்டிக்கொடுப்பதில் காது மிகவும் தடுமாறுகிறது. எனவே கூர்மையாகக் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது.

இரண்டாவது கீச்சொலி அப்படித்தான் எங்களை அலைக்கழித்தது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை, மழையிரவுகளில் மட்டும். கணினியை அணைத்தாலும் விடாது. அது கணினியே அல்ல. மேசைக்கடியில் இருந்த யு.பி.எஸ். ரப்பர்க்கிளை மின்கம்பியில் உரசும் இரவுகளில் மின்னழுத்தம் தாழ்ந்து, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அது பேட்டரிக்கு மாறி 'நான் என் சேமிப்பில் வாழ்கிறேன்' என்று அறிவித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கருவியாக அணைத்துப் பார்த்ததில் அகப்பட்டது. அந்தப் பெட்டிகளில் இருக்கும் ஈய அமில பேட்டரி சில ஆண்டுகளில் தளரும். தளர்ந்தபின் அறிவிப்பிற்கும் அணைவிற்கும் இடையே கிடைக்கும் நேரம் சுருங்கிக்கொண்டே போகும்.

மூன்றாவது, ஜூலையில். மருமகள் தட்டச்சு செய்துகொண்டே இருப்பாள், திடீரென ஒரு கீச்சு, பிறகு எந்த விசையை அழுத்தினாலும் எழுத்து வராது, சத்தம் மட்டும் வரும். விசைப்பலகை போய்விட்டது என்றார்கள். வேறொன்றைக் கடன் வாங்கி மாட்டினோம். அதிலும் அதுவே. இரண்டு நாள் பக்கத்தில் அமர்ந்து கவனித்தபோதுதான் தெரிந்தது. ஒலிப்பு முறையில் தமிழ் அடிப்பவர்களுக்குத் தெரியும்: ண, ள, ற மூன்றிற்கும் ஷிஃப்ட் விசை வேண்டும். அப்பாவின் சொற்களோ எந்த அகராதியிலும் இல்லாதவை. "மாமா, இது ரெண்டு சுழியா மூணு சுழியா?" என்று கேட்டுவிட்டு வலப்பக்க ஷிஃப்டில் விரலை வைத்தபடியே அவள் காத்திருப்பாள். நான் நோட்டை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பேன். விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்டை எட்டு நொடி தொடர்ந்து அழுத்தினால் ஃபில்டர் கீஸ் என்றொரு வசதி விழித்துக்கொள்ளும். அது கேட்கும் கேள்விப் பெட்டிக்கு ஓர் எண்டர் தட்டிவிட்டால் போதும், அதன்பின் மின்னல் தட்டல்களை விசைப்பலகை ஏற்காது. நிதானமாக அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும். யோசிப்பது பிழையல்ல. ஆனால் எட்டு நொடிக்கு மேல் யோசிப்பவருக்குக் கை நடுக்கம் இருக்கலாம் என்று அந்த இயந்திரம் கருதுகிறது.

ஆம், அது கை நடுங்குபவர்களுக்காகச் செய்யப்பட்டது. விசையைத் தற்செயலாகத் தட்டிவிடுபவர்கள், அழுத்திய விரலை உடனே எடுக்க முடியாதவர்கள் எழுதுவதற்காக. ஷிஃப்டை ஐந்து முறை அடுத்தடுத்துத் தட்டினால் விழிக்கும் ஸ்டிக்கி கீஸ், ஒற்றைக் கையால், ஒற்றை விரலால் எழுதுபவர்களுக்கானது. ஷிஃப்டை அழுத்தி விட்டுவிடலாம். அடுத்து வரும் எழுத்துக்கு அது காத்திருக்கும். நம் லாக் விசையை ஐந்து நொடி அழுத்தினால் வருவது டாகிள் கீஸ். கேப்ஸ் லாக் விழுந்ததா இல்லையா என்று கண் தெரியாதவர்களுக்கு ஒலியால் சொல்லும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து டிரேஸ் ஆய்வு மையத்தில் உருவான இவ்வசதிகள் 1995இல் விண்டோஸ் 95உடன் எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. கட்டுப்பாட்டுப் பலகையின் அணுகல் வசதிகளில் போய் ஒவ்வொன்றிற்கும் உள்ள குறுக்குவிசையை நீக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது. நானும் அதைத்தான் செய்யவிருந்தேன். மருமகள்தான் கையைப் பிடித்தாள்.

"மாமா, இது நம்ம தாத்தாக்கு உள்ளதில்லியா?"

அவள் கேட்டதற்கு ஒரு பின்னணி உண்டு. அதைச் சொல்லியாக வேண்டும்.

படுத்த சில வாரங்களிலேயே அப்பா தனக்கென ஒரு மொழியைச் செய்துகொண்டிருந்தார். கட்டிலருகே ஸ்டூலில் ஓர் எவர்சில்வர் தம்ளர் இருக்கும். இடக்கையால் அதைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வெள்ளம். இரண்டு என்றால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மூன்று, படுக்கை நனைந்துவிட்டது. நிறுத்தாமல் தட்டினால் மூச்சு அல்லது வலி, உடனே வா. யாரும் கற்றுத் தரவில்லை. ஆசிரியர் அல்லவா, எங்களுக்குத்தான் அவர் கற்றுத் தந்தார். இரவில் நான்கைந்து முறையாவது தட்டுவார். வீட்டில் ஒருவரும் முழு உறக்கம் உறங்கியதில்லை.

ஜூலை இறுதியில் உறவினர் ஒருவர் வந்து இரண்டு நாள் தங்கினார். நல்ல மனிதர், அம்மாமேல் உள்ள பரிவால்தான் செய்தார். இரவு எல்லோரும் கண்ணயர்ந்தபின் தம்ளரை எடுத்து அடுக்களையில் வைத்துவிட்டார். அம்மா ஒரு நாளாவது உறங்கட்டும் என்று. உறங்கினோம். மாதங்களுக்குப் பிறகு வீடு முழுவதும் உறங்கியது. விடியும்போது நான் போய்ப் பார்த்தால் அப்பா நனைந்த படுக்கையில் விழித்துக் கிடந்தார். இடக்கையின் விரல் கணுக்கள் சிவந்திருந்தன. இரவெல்லாம் வெறும் கையால் இரும்புச் சட்டத்தைத் தட்டியிருக்கிறார். அந்தச் சத்தம் அடுத்த அறை வரை வரவில்லை. என்னைக் கண்டதும் அவர் கோபப்படவில்லை. மூன்று முறை தட்டிக் காட்டினார். அவ்வளவுதான்.

ஒலி நின்றுவிட்டது, காரணம் நிற்கவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நாற்காலியில் அமர்த்திக் கணினி முன் கொண்டுவந்தோம். மருமகள் ஃபில்டர் கீஸையும் ஸ்டிக்கி கீஸையும் இயக்கினாள். திரையில் அவள் தட்டச்சு செய்திருந்த பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஓரிடத்தில் முனகினார். கையை நீட்டிக் காட்டினார். 'வெல்லம்: குடிநீர்' என்றிருந்தது. ஷிஃப்ட் இல்லாமல் விழுந்த எழுத்து. குடிநீரைக் கருப்பட்டியின் உறவாக்கிவிட்டது. அவள் திருத்தப் போனாள். அப்பா இடக்கையால் அவளைத் தடுத்தார். எந்த ஒலிக்கு எந்த விசை என்று அவள் காட்டக் காட்ட அவரே அடித்தார். வி, ஈ, பிறகு ஷிஃப்ட். கணினி ஒரு கீச்சுக் கொடுத்தது, ஏற்றுக்கொண்டேன் என்று. அப்பா நிமிர்ந்து பார்த்தார். எல். மறுபடி ஷிஃப்ட், மறுபடி கீச்சு, மறுபடி எல். ஏ, எம். எட்டுத் தட்டல்கள், கால் மணி நேரம். 'வெள்ளம்' என்று திரையில் வந்தது. ஏழு மாதத்தில் அவர் வெளியிட்ட முதல் முழுச்சொல் அது. அம்மா உடனே போய்த் தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஒரு பக்கம் மட்டும்.

மார்த்தாண்டத்து இளைஞர் சொன்னபடி ஜூனிலேயே வயரை உருவியிருந்தால் அந்தக் கீச்சு அவருக்குக் கேட்டிருக்காது. எங்கள் கணினியில் அது அந்தச் சிறு ஒலிபெருக்கி வழியாகத்தான் வந்தது.

நான்காவது ஒலி ஆகஸ்டில். கணினி ஓடத் தொடங்கி அரை மணி கழித்து, மேலும் கீழுமாக இரண்டு சுருதியில் மாறி மாறி, தூரத்து ஆம்புலன்ஸ் போல. விண்டோஸில் எதை நிறுத்தியும் பயனில்லை. இங்கே ஒரு பாகுபாட்டைச் சொல்ல வேண்டும். இயங்குதளம் எழுப்பும் பீப்பை இயங்குதளத்திலேயே நிறுத்தலாம். எக்ஸ்பியில் சாதன மேலாளரைத் திறந்து மறைந்த சாதனங்களையும் காட்டச் சொன்னால் 'பீப்' என்ற பெயரிலேயே ஓர் இயக்கி இருக்கும், அதை முடக்கினால் போதும். லினக்ஸில் பி.சி.எஸ்.பி.கே.ஆர். என்னும் கூறை நீக்கினால் போதும். ஆனால் மதர்போர்டு தானாக எழுப்பும் எச்சரிக்கை இவற்றுக்குக் கட்டுப்படாது. அது இயங்குதளத்தின் தலைக்கு மேல் நடக்கும் பேச்சு. எங்கள் கணினியின் பயாஸில் செயலியின் வெப்பம் ஒரு அளவைத் தாண்டினால் ஒலிக்கச் சொல்லும் அமைப்பு இருந்தது. திறந்து பார்த்தோம். செயலியின்மேல் இருந்த வெப்பத்தணிப்புத் தகடுகளின் இடுக்குகளில் அப்பாவின் இலவம்பஞ்சு மெத்தையிலிருந்து பறந்த பஞ்சு, தூசியோடு சேர்ந்து பாயாகப் படிந்திருந்தது. விசிறி சுழல்கிறது, காற்றுப் போக வழியில்லை. மென்தூரிகையால் சுத்தம் செய்து, காய்ந்துபோன வெப்பப்பசையைத் துடைத்துப் புதிதாக இட்டதும் ஓலம் நின்றது. அதே பயாஸில் 'எச்சரிக்கை வேண்டாம்' என்ற தெரிவும் இருக்கிறது. ஒரு விசை தட்டலில் அன்றே அமைதி கிடைத்திருக்கும். அதற்குள் ஏழு நோட்டுகள் உள்ளே போயிருந்தன. அன்றிரவே இரண்டு குறுந்தகடுகளில் எல்லாவற்றையும் நகலெடுத்தோம்.

எல்லா ஒலிக்கும் எழுந்து ஓடவேண்டும் என்று நான் வாதிடவில்லை. 2008இல் அப்பாவை நெஞ்சுச் சளிக்காக நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது பத்துக் கட்டில்களில் பத்து இயந்திரங்கள் இரவெல்லாம் கீச்சிட்டன. இரண்டாம் நாள் இரவில் என் காதே அவற்றைக் கைவிட்டுவிட்டது. இது உலகெங்கும் உள்ள சிக்கல். அமெரிக்க மருத்துவமனைகளின் தரத்தை ஆராயும் ஜாயிண்ட் கமிஷன் என்னும் அமைப்பு 2013 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை எச்சரிக்கை ஒலிகள் தொடர்பாகத் தன்னிடம் பதிவான 98 நிகழ்வுகளில் 80 மரணத்தில் முடிந்ததாக அதில் சொன்னது. ஒலி இல்லாததால் அல்ல. ஓயாது ஒலித்துக்கொண்டிருப்பவற்றுக்கு நடுவே எது உண்மை என்று தெரியாமல் போவதும், சலித்துப்போய் ஒலியைத் தணித்து வைப்பதும் காரணங்களில் முக்கியமானவை. தேவையற்றவற்றைக் களைவது தேவையானதைக் கேட்பதற்காகவே. ஆனால் களைவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது முழுதாகக் கேட்டிருக்க வேண்டும்.

அப்பா 2009இல் காலமானார். பதினொரு நோட்டுகளும் அதற்கு முந்தைய ஆண்டே முடிந்திருந்தன. கடைசி மூன்றில் அவர் விரல்பட்ட திருத்தங்கள் நிறைய உண்டு. அவர் அடித்த வரிகளை நான் கண்டுபிடித்துவிடுவேன். முற்றுப்புள்ளிக்கு முன் ஓர் இடைவெளி விட்டிருப்பார்.

அதே 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் பீப் ஒலி அந்தச் சிறு ஒலிபெருக்கியை விட்டு ஒலி அட்டைக்கு மாறிவிட்டது. இன்று பெரும்பாலான மதர்போர்டுகளோடு ஒலிபெருக்கி வருவதே இல்லை. சிலவற்றில் செயலி, நினைவகம், திரை, துவக்கம் என்று நான்கு சிறு விளக்குகள் வைத்திருக்கிறார்கள், எதில் தடை என்று ஒளியால் சொல்ல. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடுத்த அறையில் இருப்பவனுக்கு விளக்கு கேட்காது. ஒலிபெருக்கியைச் செருகும் நான்கு முள் இடம் மட்டும் பல பலகைகளில் இன்னும் மிச்சமிருக்கிறது. இரண்டு வயரோடு கூடிய சிறு பஸர் மலிவாகக் கிடைக்கிறது.

சென்ற ஆண்டு புதுக் கணினி பூட்டியபோது அப்படி ஒன்றை வாங்கி நானே செருகினேன். பொத்தானை அழுத்தினேன். ஒற்றைக் குறில். கையேட்டை எடுத்துப் பார்த்தேன். இந்தப் பலகையின் அகராதியில் அதற்கு நலம் என்று பொருள்.